படை மூன்று, உப்பளம், தாங்கு

என் அண்ணன் வாழ்க்கையில் யாரையும் ‘வா, போ’ என்று சொன்னதில்லை. மனிதர்களிடம் சொல்லாதது பெரிய விஷயமில்லை. கடை வாசலில் குறுக்கே படுத்திருக்கும் நாயிடமே, “கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?” என்று கேட்பார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கும். இவர் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவார். கூடப்பிறந்த தங்கச்சி நான், எனக்கே கல்யாணமான மறுநாளிலிருந்து ‘நீங்க’ போட ஆரம்பித்துவிட்டார். சண்டை போட்டுப் பார்த்தேன். “சரிங்க, இனிமே சொல்லலீங்க” என்றார். அதற்குமேல் என்ன செய்வது? தெருவில் அவருக்கு ‘ங்க’ அண்ணன் என்றே பெயர்.

அண்ணனுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். கண் சோதிப்பது, லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்காரவைப்பது, ஊசி மாதிரி இருக்கும் ஸ்க்ரூடிரைவரால் கழன்ற திருகை முடுக்குவது எல்லாம் அவர்தான். முதலாளி கல்லாவோடு சரி. எதிர்த்த கடையில் ஜெராக்ஸ் போடுகிறவள் நான். மெஷின் சூடாகும் நேரத்தில் அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். “இந்த வரி தெரியுதுங்களா? இப்ப பாருங்க, முன்னதைவிட நல்லாருக்குங்களா?” என்று அவர் கேட்கும் பக்குவத்தில், கண் நன்றாக இருப்பவர்கள்கூட ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் கடைக்கு வெளியே அந்தப் பக்குவம் ஒன்றுக்கும் உதவவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கேட்டை மறித்து பைக்கை நிறுத்துவார். அண்ணன் சுவரேறிக் குதித்து வேலைக்குப் போவார். பெண் பார்த்த இடத்திலும் அப்படித்தான். “உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னா தயங்காம சொல்லிடுங்க” என்று அவரே எடுத்துக் கொடுப்பார். அவர்களும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

இந்த மனிதரைத்தான் என் வீட்டுக்காரர் போருக்கு அனுப்பினார்.

‘எட்டு நாடு’ என்று ஒரு ஆட்டம். ஃபோனில் ஆடுவது. படம் கிடையாது, சத்தம் கிடையாது, துப்பாக்கி கிடையாது; எல்லாம் எழுத்துதான். எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு நாடு. யார் யாரென்று தெரியாது, நாட்டின் பெயர்தான் அவர்கள் பெயர். தினமும் ஒவ்வொருவரும் தங்கள் படைகளுக்குக் கட்டளை எழுதி அனுப்ப வேண்டும். எந்தப் படை, எந்த இடம், என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். ‘படை ஒன்று, பாலம், நகர்’ என்கிற மாதிரி. சாயங்காலம் எல்லாருடைய கட்டளைகளும் ஒரே நேரத்தில் பிரிக்கப்படும். யார் யாரை அடித்தார்கள், யார் வாக்குக் கொடுத்துக் கவிழ்த்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும். ஒருவருக்கொருவர் ரகசியமாக எழுதிக்கொள்வதற்கு ‘ஓலை’ என்று பெயர். எல்லாரும் பார்க்க எழுதுகிற இடம் ‘சபை’.

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். ஆட்டத்தில் மலையடி என்ற நாடு அவருடையதாக இருந்தது. தொடங்கின வாரமே பெரிய கட்டட வேலை ஒன்று வந்துவிட்டது. “மச்சான், நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க. நாலு பேரை அதட்டினாத்தான் உங்களுக்கும் ஒரு தைரியம் வரும்” என்று நாட்டை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணன் முதல் நாள் எழுதிய கட்டளையை நான் பிறகுதான் பார்த்தேன். ‘படை ஒன்று, பாலம், தயவுசெய்து நகரவும்.’

ஆட்டம் பதில் சொன்னது: கட்டளை புரியவில்லை. படை நிற்கிறது.

மறுநாள் ‘நகருங்கள்’ என்று எழுதினார். புரியவில்லை, படை நிற்கிறது. அதற்கு மறுநாள் ‘நகர்ந்தால் நன்றாக இருக்கும்’ என்று எழுதியிருக்கிறார். அந்த மெஷினுக்கு வாயிருந்தால் அழுதிருக்கும். நாட்கணக்கில் மலையடியின் படைகள் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், சபையில் மற்றவர்களுக்குக் கிலி பிடித்துவிட்டது. ‘மலையடி ஏன் அசையவே மாட்டேங்குது? ஏதோ பெருசா பிளான் இருக்கு’ என்று ஒருவர். ‘அந்தப் பக்கம் போகாதீங்க, ஆளு ரொம்ப ஆழம்’ என்று இன்னொருவர். பயந்துபோய் இரண்டு நாடுகள் எல்லையிலிருந்து படையைப் பின்வாங்கிக்கொண்டன.

“அண்ணா, ‘நகர்’னு எழுதுங்க. வெறும் நகர்” என்றேன்.

“எப்படிம்மா அப்படி மொட்டையா எழுதறது? படையில எத்தனை பேர் இருக்காங்க. வயசானவங்களும் இருப்பாங்க இல்லீங்களா?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். “அது மெஷின். உங்க முதலாளி இல்ல!”

ஒருவழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு ‘நகர்’ என்று எழுதினார். படை நகர்ந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உலகத்தில் முதல்முறையாக அவர் சொல்லி ஒன்று நகர்ந்திருக்கிறது. நாலைந்து நாளில் ‘தாக்கு’ வரைக்கும் முன்னேறிவிட்டார். பக்கத்து நாடான உப்பளத்தின் ஒரு சின்னத் துறைமுகம் அவர் கைக்கு வந்தது. வந்த உடனே அவர் செய்த காரியம், உப்பளத்துக்கு ஒரு ஓலை: ‘மன்னிக்கணுங்க. உங்க துறைமுகத்தை எடுத்துக்கிட்டேன். உங்களுக்கு ரொம்பத் தேவைப்பட்டா சொல்லுங்க, தந்துடறேன்.’

உப்பளத்திடமிருந்து பதில் வந்தது: ‘வீட்டுல புகுந்து திருடினவன் வாசல்ல நின்னு போயிட்டு வரேங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு. யாருங்க நீங்க?’

அப்படித்தான் ஆரம்பித்தது.

உப்பளத்தை ஆள்கிறவர் ஒரு பெண். சரக்குப் பெட்டிகளை அடுக்கும் முனையத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே லாரிகளைப் பார்த்துப் பெட்டி இறக்குகிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் கூண்டிலிருந்தே ஓலை அனுப்புவார். ‘இங்கேயிருந்து பாத்தா மேனேஜர் எறும்பு சைஸ்ல தெரியறார். மனசுக்கு நிம்மதியா இருக்கு’ என்று ஒருநாள் எழுதியிருந்தார். அண்ணன் அதைப் படித்துவிட்டு லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று தனியாகச் சிரித்தார். முதலாளி என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

இரண்டு நாடுகளும் கூட்டு சேர்ந்தன. ஆட்டத்தில் அதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது: ‘தாங்கு’. ஒருவர் தாக்கும்போது பக்கத்திலிருப்பவர் ‘தாங்கு’ என்று எழுதினால், தாக்குகிறவரின் பலம் இரட்டிப்பாகும். அண்ணனுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. தாக்குவதை உப்பளத்துக்கே விட்டுவிட்டு, இவர் தினமும் ‘உப்பளம், தாங்கு’ என்று எழுதிக்கொண்டிருந்தார். இருவருமாக ஆட்டத்தையே ஒரு கலக்குக் கலக்கினார்கள்.

போர் பாட்டுக்குப் போர் நடந்தது, பேச்சு பாட்டுக்குப் பேச்சு வளர்ந்தது. அண்ணன் தன் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுவரை எழுதிவிட்டார். அந்தப் பெண் தனக்கு ஒருமுறை கல்யாணமாகிப் பிரிந்துவிட்டது என்பதையும் எழுதியிருந்தார். ‘அடிச்சான் பிடிச்சான்னு ஒண்ணுமில்ல. சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. அதை மட்டும் என்னால தாங்க முடியாது. என்ன தப்பு வேணா பண்ணுங்க, சொன்னதை மாத்தாதீங்க.’ அண்ணன் அதை என்னிடம் காட்டி, “பாவங்க இவங்க” என்றார். அந்த ‘பாவங்க’ சொன்ன குரல் வேறு மாதிரி இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூங்கா பக்கத்து டீக்கடையில் நேரில் பார்ப்பதாக முடிவானபோது, அண்ணன் இருக்கிற சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டுத் தள்ளினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு வெள்ளெழுத்து வந்து கொஞ்ச நாளாகிறது. கிட்டத்தில் இருக்கும் எழுத்து கலங்கும். நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு, “வயசானா எல்லாருக்கும் வர்றதுதாங்க, வெக்கப்படாதீங்க” என்று கண்ணாடி மாட்டிவிடுகிற ஆள், தனக்கு மட்டும் போட்டுக்கொள்ள மாட்டார். கடையில் மேசைமேல் பூதக்கண்ணாடி விளக்கு இருப்பதால் லென்ஸ் வேலை தப்பித்தது. ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கித் தருகிறேன் என்றேன். “அதெல்லாம் வயசானவங்களுக்குங்க” என்று வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். உப்பளம் வந்த பிறகு வந்த அழகுணர்ச்சி அது.

வியாழக்கிழமை பெரிய திட்டம். கருங்கோட்டை என்ற முரட்டு நாட்டை வீழ்த்த வேண்டும். உப்பளம் தன் தலைநகரில் இருக்கும் படையையே வெளியே எடுத்துத் தாக்கும்; தலைநகர் காலியாக இருக்கும். எல்லையில் நிற்கும் மலையடியின் மூன்றாம் படை தாங்க வேண்டும். ‘உங்களை நம்பித்தான் கதவைத் திறந்து போட்டுட்டுப் போறேன்’ என்று உப்பளம் ஓலை அனுப்பியிருந்தது. அண்ணன் எழுத வேண்டியது ஒரே வரி: ‘படை மூன்று, உப்பளம், தாங்கு.’

ஃபோனில் ‘தா’ என்று அடித்தால் அதுவே இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் எடுத்துக் கொடுக்கும். ஒன்று தாங்கு. ஒன்று தாக்கு. நடுவில் ஒரே ஒரு எழுத்து. அண்ணன் தொட்டார், ஒருமுறை படித்துப் பார்த்தார், அனுப்பினார்.

சாயங்காலம் முடிவு வந்தது: மலையடியின் மூன்றாம் படை உப்பளத்தைத் தாக்கியது. எதிர்ப்பு இல்லை. உப்பளத்தின் தலைநகர் மலையடி வசம்.

சபை கொண்டாடித் தீர்த்தது. ‘அடேயப்பா, என்னா மூளை!’ ‘மாசக்கணக்கா நடிச்சிருக்கார்யா!’ ‘நான் அப்பவே சொன்னேன், ஆளு ஆழம்னு!’ அண்ணனை இத்தனை பேர் சேர்ந்து பாராட்டி நான் பார்த்ததில்லை. அவர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, பேயறைந்தவர் மாதிரி ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாங்குன்னுதாங்க போட்டேன்” என்றார். “படிச்சுப் பாத்துட்டுத்தாங்க அனுப்பினேன்.”

நான் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். பளிச்சென்று ‘தாக்கு’.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டத் தெரிகிறது, உனக்கு மாட்டிக்கொள்ளக் கௌரவம் குறுக்கே நிற்கிறதா என்று, கோபத்தில் நானே ‘நீ’ போட்டுவிட்டேன்.  அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் ஃபோனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். நாற்பது வயதுக்குமேல் ஒரு மனிதருக்கு ஒரு சந்தோஷம் வந்து, அது ஒரு எழுத்தில் போகிறதென்றால் யார்தான் தாங்குவார்கள்?

அண்ணன் ஓலை எழுதினார். வெள்ளெழுத்து இருப்பதையும், அதை மறைத்ததையும், ஏன் மறைத்தார் என்பதையும் வெட்கத்தை விட்டு எழுதினார். பதில் இல்லை.

“எப்படிங்க பதில் வரும்?” என்றார் மறுநாள் காலையில். “இந்த ஆட்டத்துல முதுகுல குத்தினவங்க எல்லாருமே கை தவறிடுச்சுன்னுதான் சொல்றாங்க. அவங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பாரு.”

“அப்ப என்ன பண்ணப்போறீங்க?”

“இன்னைக்கு அவங்க கண்டிப்பா என்மேல படை எடுத்து வருவாங்க. அவங்களுக்கு எது தேவையோ அதைப் பண்ணிட வேண்டியதுதாங்க.”

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். தன்னுடைய எல்லாப் படைக்கும் ஒன்றுவிடாமல் ஒரே கட்டளை. ‘உப்பளம், தாங்கு.’ ஒவ்வொரு வரியையும் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். “தா... ங்... கு. சரியா இருக்கு. அடுத்தது.” ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் ஒருவர் ஏதோ மந்திரம் ஓதுகிறார்கள் என்று நினைத்து மரியாதையாக ஓரமாக நின்றுகொண்டார்.

சாயங்காலம் ஆட்டம் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் அறிவித்தது: உப்பளம் மலையடியைத் தாக்கியது. மலையடியின் எல்லாப் படைகளும் உப்பளத்தைத் தாங்கின. மலையடி வீழ்ந்தது.

தன்னை அடிக்க வந்தவருக்குத் தானே தோள் கொடுத்து அழிந்த நாடு அந்த ஆட்டத்தில் அதுதான் முதல். சபையில் சத்தமே இல்லை. கடைசியில் ஒருவர் எழுதினார்: ‘அவசரப்படாதீங்க. இதுலயும் ஏதோ பிளான் இருக்கு.’

உப்பளம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குப் போவதா வேண்டாமா என்று அண்ணன் என்னைக் கேட்கவும் இல்லை. இஸ்திரி போட்ட சட்டைகளை எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம். அண்ணன் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தபோது, கண்ணாடிக் கடைக்குள் ஒரு பெண் போவதைப் பார்த்தேன். பளபளக்கும் பட்டை வைத்த வேலைச் சட்டை, கையில் ஹெல்மெட். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அண்ணன் வழக்கம்போல எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

“வாங்க, உக்காருங்க. கண் டெஸ்ட் பண்ணணுங்களா?”

“ஆமா. ஆனா எனக்கில்ல” என்றார் அந்தப் பெண். “உங்களுக்கு. நீங்க உக்காருங்க.”

அண்ணன் விழித்தார்.

“நான்தான் உப்பளம்.”

நான் டப்பாவோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். அண்ணன், சோதிக்கப்படுகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். 

“ஓலையைப் படிச்சேன். நேத்து நீங்க பண்ணதையும் பாத்தேன்” என்றார் அவர். “நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இந்த மாதிரி நல்லா இருக்கறதை நான் ஏற்கெனவே நிறையப் பாத்துட்டேன். அதனால நேர்லயே சோதிச்சுடலாம்னு வந்தேன். பேனா இருக்கா?”

மேசைமேல் கிடந்த துண்டுக் காகிதத்தில், ஃபோன் எழுத்தளவுக்குப் பொடியாக ஒரு சொல்லை எழுதினார். ஃபோனைப் பிடிக்கிற தூரத்தில் அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“படிங்க.”

அண்ணன் கண்ணைச் சுருக்கினார். “தாங்கு.”

இன்னொரு துண்டு. “இது?”

“இதுவும் தாங்குதாங்க.”

மூன்றாவது துண்டு. இந்தத் தடவை அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். “தாங்கு” என்றார், குரலில் ஒரு நம்பிக்கையோடு.

நான் மெல்ல எட்டிப் பார்த்தேன். மூன்றிலும் ‘தாக்கு’ என்றுதான் எழுதியிருந்தது. அடக்கமாட்டாமல் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

“மூணும் தாக்கு” என்றார் அண்ணனிடம்.

அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. சோதனையில் தோற்றுவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க” என்று எழுந்திருக்கப் பார்த்தார். அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“நான் எதை எழுதினாலும் உங்களுக்குத் தாங்குன்னுதான் தெரியுது, இல்ல?” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“ஆமாங்க” என்றார் அண்ணன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

அவர் மேசைத் தட்டிலிருந்து ஒரு கறுப்பு ஃபிரேம் கண்ணாடியை எடுத்து, அவரே அண்ணன் காதுகளில் மாட்டிவிட்டார். கொஞ்சம் தள்ளி நின்று, பெட்டி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு வாங்க. என்னையும் ஒரு தடவை தெளிவாப் பாத்துக்குங்க, அப்புறம் ஏமாந்துட்டேன்னு சொல்லக்கூடாது.”

அண்ணனுக்குள் இருந்த கண்ணாடிக்கடைக்காரர் முழித்துக்கொண்டார். “இது படிக்கிற கண்ணாடிங்க” என்றார் பதற்றமாக. “கிட்டத்துல இருக்கறது மட்டுந்தான் இதுல தெரியும். தள்ளி உக்காந்தா நீங்க மங்கலாத்தான் தெரிவீங்க.”

“அப்ப கிட்ட உக்காருங்க” என்றார் அவர்.

நான் சாப்பாட்டு டப்பாவைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு என் கடைக்குத் திரும்பினேன்.